பெட்டியைத் துடைத்த துணி: விமான நிலையக் கருவி எதை மோந்து பார்க்கிறது?

மலேசியாவில், பந்திங்கிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா அடுத்த மாதம் திருச்சிக்குப் போகிறார். அதே தாமானில் (குடியிருப்பில்) இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவர் வந்து, "அக்கா, ஊருக்குத்தானே போறீங்க, இந்தச் சின்னப் பார்சலை மட்டும் எங்க மாமாகிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு மறுக்க மனம் வரவில்லை, மகளுக்குப் பயம். கேட்டிருப்பது மூன்று கேள்வி. வாசனையை வைத்தே போதைப்பொருளைக் கண்டுபிடிக்கும் கருவி உண்மையிலேயே இருக்கிறதா? இருக்கிறதென்றால் எல்லாப் பெட்டியையும் அதில் விட்டு எடுக்காமல் ஏன் இன்னும் நாயைக் கூட்டி வருகிறார்கள்? அம்மா எடுத்துப் போகும் மசாலாத்தூளும் மினியாக் காப்பாக் என்கிற கோடாலித் தைலமும் அந்தக் கருவியைக் கத்த வைக்குமா?

இருபது வருடத்துக்கு மேல் இந்த மாதிரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். பெரிய விஞ்ஞானி வேலை இல்லை. வடிகட்டி மாற்றுவது, குழாயைச் சூடேற்றிச் சுத்தம் செய்வது, காரணமில்லாமல் கத்துகிற கருவியைச் சமாதானப்படுத்துவது, அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையங்களில் 'மோப்பக் கருவி' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் மோப்பம் பிடிப்பதே இல்லை. அது துடைத்துப் பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் மூன்று கேள்விக்கும் பதில் தானாகவே வந்துவிடும்.

நான் பிறந்தது டிங்கில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பாவுக்கு ரப்பர் ஸ்டோரில், அதாவது ரப்பர் பாலை உறைய வைக்கும் கொட்டகையில், வேலை. அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே லயத்து வாசலுக்கு அந்த நெடி வந்துவிடும். அது ஆவி, காற்றில் வருவது. அவர் குளித்துச் சட்டை மாற்றிய பிறகும் சைக்கிள் கைப்பிடியிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் பிசுபிசுவென்று பால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வாசனை அவ்வளவாக இருக்காது, ஆனால் விரலால் தேய்த்தால் உருண்டு வரும். இது ஒட்டு. போதைப்பொருள் விஷயத்தில் ஆவி மிகமிகக் கொஞ்சம், ஒட்டு தாராளம். கருவி ஒட்டைத் தேடுகிறது, நாய் ஆவியைத் தேடுகிறது.

ஆவி எவ்வளவு கொஞ்சம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தூய கொக்கெய்னை ஒரு மூடிய டப்பாவில் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் காற்றை எடுத்து எண்ணினால், நூறு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு ஒன்றுகூட முழுசாக வராது, கால்வாசிதான். மலேசிய மக்கள்தொகையைப் போல முப்பது மடங்குக் கூட்டத்தை நான்கு தடவை கூட்டி அதில் ஒரே ஓர் ஆளைத் தேடுவது போல. ஹெராயின் அதைவிடச் சில நூறு மடங்கு மோசம். உலகத்து மக்கள் அத்தனை பேரையும் நூறு முறை எண்ணினால் ஓர் ஆள் அகப்படுவார். இது டப்பாவுக்குள்ளே இருக்கும் நிலவரம். பெட்டிக்குள் துணி, காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் இருக்கும். இந்த மாதிரி கனமான மூலக்கூறுகள் கண்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உடையவை. வெளியே வந்து சேர்வது அதிலும் கொஞ்சம்.

இன்னொரு சிக்கல் உப்பு. மீன் கழுவும்போது எலுமிச்சையோ புளியோ தேய்க்கிறோம் இல்லையா? மீன் வாடைக்குக் காரணமான பொருள் அமீன் வகை, காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டதும் அது உப்பாக மாறிவிடுகிறது. உப்புக்கு ஆவியாகும் குணம் இல்லை, அதனால் வாடை அடங்குகிறது. ரப்பர் ஸ்டோரிலும் இதே கூத்துதான். பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றி வைத்திருப்பார்கள், கண் எரியும். உறைய வைக்க அமிலம் சேர்த்ததும் அமோனியா நெடி சட்டென்று இறங்கிவிடும். சியாபு என்று நம்மூரில் சொல்லும் மெத்தம்பெட்டமினும் ஓர் அமீன்தான். தனி நிலையில் அது எண்ணெய் மாதிரி திரவம், நன்றாகவே ஆவியாகும். ஆனால் தெருவுக்கு வருவது ஹைட்ரோகுளோரைடு உப்பு, படிகம். புளி தேய்த்த மீனைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்கும். கொக்கெய்ன் தூளும் பெரும்பாலும் அப்படி உப்பாகத்தான் வருகிறது.

அப்படியென்றால் நாய் எதை மோப்பம் பிடிக்கிறது? சுவாரசியமான இடம் இதுதான். நாய் போதைப்பொருளை மோப்பம் பிடிப்பதில்லை, அதன் கூட்டாளிகளை மோப்பம் பிடிக்கிறது. கொக்கெய்ன் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மெல்லச் சிதையும். அப்போது மெத்தில் பென்சோயேட் என்ற வாசனைப் பொருள் பிரிந்து வருகிறது. அது கொக்கெய்னைவிடப் பல லட்சம் மடங்கு சுலபமாக ஆவியாகும். கொக்கெய்னுக்குப் பழகிய நாய்கள் முக்கியமாக இதைத்தான் பிடித்துக்கொள்கின்றன என்று ஃபுளோரிடாவில் ஆய்வு செய்து காட்டினார்கள். ஹெராயினிலிருந்து வருவது காடி வாடை, அதாவது அசிட்டிக் அமிலம். எக்ஸ்டசி மாத்திரையில் பிப்பரோனால், அது சென்ட்டில் சேர்க்கும் ஒரு வகை இனிப்பு மணம். கஞ்சாவில் கேரியோஃபிலீன் ஆக்ஸைடு. அதன் தாய்ப்பொருளான கேரியோஃபிலீன் நம் அடுக்களையில் மிளகிலும் கிராம்பிலும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, மெத்தில் பென்சோயேட் நிலசம்பங்கிப் பூவிலும் உண்டே, கழுத்தில் மாலையோடு வருகிற மாப்பிள்ளையை நாய் பிடித்துக்கொள்ளுமா என்று கேட்பீர்கள். அந்தப் பொருளை வெளிவிடும் பூக்களை வைத்தே நாய்களைச் சோதித்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஏமாறவில்லை. பூவில் அதோடு சேர்ந்து இன்னும் இருபது மணம் வருகிறது. நாய்க்கு ஒரு வாசனை என்பது ஒரு தனி எழுத்து இல்லை, ஒரு முழு வாக்கியம். நாம் சாம்பார் வாசனை என்று மொத்தமாகச் சொல்வதை அது பருப்பு, காயம், மல்லி, கறிவேப்பிலை என்று தனித்தனியாகவும் வாசிக்கும், சேர்த்தும் வாசிக்கும். மனித மூக்கில் ஐம்பது அறுபது லட்சம் மோப்பச் செல்கள் என்றால் நாய்க்கு இருபது முப்பது கோடி என்று சொல்வார்கள்.

2007இல் நம் நாட்டுக்கு லக்கி, ஃபுளோ என்று இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் வந்ததே, வயதானவர்களுக்கு நினைவு இருக்கும். அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தது போதைப்பொருள் இல்லை, திருட்டு டிவிடி! அந்த வட்டுகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் செய்தவை, அதிலிருந்து வரும் வாசனைதான் குறி. ஜொகூர் பாருவில் நடந்த முதல் பெரிய சோதனையிலேயே ஏறக்குறைய பத்து லட்சம் வட்டுகள் அகப்பட்டன. அதன் பிறகு அந்த இரண்டு நாய்களின் தலைக்கும் கும்பல்காரர்கள் விலை வைத்திருப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. நமக்கு வாசனையே இல்லாத ஒரு பிளாஸ்டிக் தட்டு நாய்க்கு அவ்வளவு சத்தமாகக் கேட்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நல்ல வட்டு எது, திருட்டு வட்டு எது என்று அந்த நாய்களுக்குத் தெரியாது. இங்கே பிளாஸ்டிக் வட்டு இருக்கிறது என்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. பிரித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது அதிகாரி.

நாயைப் பற்றி ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அரை மணி, முக்கால் மணி வேலை செய்தால் களைத்துவிடும், ஓய்வு கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய பலவீனம் கயிற்றின் இந்த முனையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற பதினெட்டு நாய்களையும் அவற்றைக் கூட்டிச் செல்பவர்களையும் ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் தேட விட்டார்கள். உள்ளே எதுவுமே வைக்கப்படவில்லை. சில இடங்களில் சிவப்புத் தாள் ஒட்டி, அங்கே பொருள் இருப்பதாகக் கூட்டிச் செல்பவர்களிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். இருநூறு தடவைக்கு மேல் 'இங்கே இருக்கிறது' என்று தவறான அறிவிப்பு வந்தது, அதிலும் சிவப்புத் தாள் பக்கம் கூடுதலாக. நாய் பிடித்தது போதைப்பொருள் வாசனையை இல்லை, எஜமானின் மனதை. கருவியிடம் இந்த வியாதி கிடையாது. அதற்கு யாரையும் திருப்திப்படுத்தத் தெரியாது.

சரி, கருவிக்கு வருவோம். அதிகாரி ஒரு சின்னத் துணியாலோ காகிதப் பட்டையாலோ பெட்டியின் கைப்பிடி, பூட்டு, ஜிப் ஓரம் என்று தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கருவியின் வாயில் செருகுகிறார். உள்ளே ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூடு. தானாக ஆவியாக மாட்டேன் என்ற தூளை அங்கே அடுப்பில் போட்டு ஆவியாக்குகிறோம். பெட்டியிலிருந்து தானாக வரும் ஆவிக்குக் காத்திருப்பதில்லை. ஒட்டியதை எடுத்து வந்து நாமே ஆவியாக்குகிறோம். வித்தையே இதுதான். ஒருவர் தூளைக் கையாண்டுவிட்டுப் பெட்டியைத் தொட்டால் ஒரு விரல் ரேகையில் மைக்ரோகிராம் கணக்கில் ஒட்டும். கருவிக்கு நானோகிராம் போதும். அதாவது ஒட்டியதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆவியானதும் நிக்கல்-63 என்ற கதிரியக்கத் துணுக்கின் அருகே போகிறது. பயப்பட வேண்டாம், அது சின்ன உலோகத் தகடு, அதன் கதிர் கருவியின் உறையைத் தாண்டி வராது. சில புதிய கருவிகளில் அதுவும் இல்லை, மின்சாரத்தாலேயே முடித்துவிடுகிறார்கள். அங்கே மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கிடைக்கிறது. போதைப்பொருள்களில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் உண்டு. அந்த நைட்ரஜன் மின்னேற்றம் தரும் புரோட்டானைக் கண்டால் விடாது, மற்றதைத் தள்ளிவிட்டுத் தான் எடுத்துக்கொள்ளும். கூட்டத்தில் நூறு பொருள் இருந்தாலும் மின்னேற்றம் இவற்றுக்கே முதலில் போய்ச் சேர்வதற்குக் காரணம் இது. வெடிமருந்தைத் தேடும்போது இதற்கு நேர் எதிரான மின்னேற்றத்தைப் பயன்படுத்துவார்கள்.

அப்புறம் ஓட்டப்பந்தயம். ஒரு விரல் நீளக் குழாய்க்குள், எதிர்க்காற்று வீச, மின்புலம் மின்னேற்றம் பெற்ற இந்த மூலக்கூறுகளை (அயனிகளை) முன்னே தள்ளுகிறது. தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் பார்த்திருப்பீர்களே, பின்னாலிருந்து எல்லோருக்கும் ஒரே தள்ளுதான். பால்குடம் எடுத்த ஒல்லிப் பையன் சந்துக்குள் நுழைந்து மேலே போய்விடுவான், விரித்த மயில் காவடிக்காரர் ஒவ்வொரு படிக்கும் முட்டி மோதி வருவார். அதே கதைதான். சின்னதும் இறுக்கமானதும் முதலில் வரும், பெரிதும் அகலமானதும் பின்னால் வரும். மெத்தம்பெட்டமின் முதலில், கொக்கெய்ன் பிறகு, ஹெராயின் அதற்கும் பிறகு. எல்லாம் சில மில்லி விநாடிக்குள். கருவி மனப்பாடமாக வைத்திருக்கும் நேரத்தில் எது வந்தாலும் சிவப்பு விளக்கு.

பலவீனமும் இதே இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ஒல்லிப் பையன் யார் என்று கருவிக்குத் தெரியாது, எத்தனை மணிக்கு வந்தான் என்பதுதான் தெரியும். அதே நேரத்துக்கு வேறு ஒரு ஒல்லிப் பையன் வந்தாலும் கத்தும். சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டின், மெத்தம்பெட்டமினுக்கு மிக அருகில் வந்து சேரும். பழைய கருவிகளில் கடுமையாகப் புகைக்கிறவரின் பையைத் துடைத்தால் எங்களுக்குத் தலைவலி. சில கைக்களிம்புகள், வாசனைத் திரவங்களும் அப்படி. அதனால் விமான நிலையத்தில் கருவி கத்துவது 'கண்டுபிடித்துவிட்டேன்' என்பது ஆகாது, 'இந்தப் பெட்டியைத் திறந்து பார்' என்று மட்டும் அர்த்தம். நீதிமன்றத்துக்குப் போவது மலேசிய இரசாயனத் துறையின் அறிக்கை. அங்கே பொருளைப் பிரித்து, எடை போட்டு, மூலக்கூறை உடைத்துப் பார்த்துப் பெயர் சொல்வார்கள்.

எனக்கே ஒருமுறை நடந்தது. வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் என் கேமராப் பையைத் துடைத்தார்கள், சிவப்பு. நானோ இதே கருவியைப் பிரித்து மாட்டுகிறவன்! என் முகத்தில் வந்த சிரிப்பை அந்த அம்மாள் ரசிக்கவில்லை. காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நிஜப் பொருள் நானோகிராம் அளவில் கலந்த மாதிரிப் பட்டை ஒன்றைப் பயன்படுத்துவோம். அந்த வேலையின்போது சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவை, நான் கை கழுவியும் கழுவாமல், ஊருக்குக் கிளம்பும்போது கேமராப் பைக்கு மாற்றியிருக்கிறேன். பையைக் கொட்டினார்கள், மறுபடி துடைத்தார்கள், எக்ஸ்ரேயில் விட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்துப் போகச் சொன்னார்கள். அன்றிலிருந்து வேலைப் பேனா வேலை இடத்தை விட்டு வெளியே வந்ததில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. எல்லாப் பெட்டிக்கும் இதை ஏன் செய்வதில்லை? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பெட்டிகள் போகின்றன, அதில் கடத்தல் பெட்டி இரண்டு என்று வைத்துக்கொள்வோம். கருவி நூற்றுக்கு ஒரு தடவை மட்டும் தவறாகக் கத்துகிறது, அது நல்ல கருவிதான். அன்றைக்கு நூறு அப்பாவிப் பெட்டிகள் கத்தும், கூடவே அந்த இரண்டும். நூற்றிரண்டு பெட்டிகளைத் திறந்து கொட்ட ஆள் வேண்டும், மேசை வேண்டும், விமானம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது நாளே அதிகாரிகள் கத்தலைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் முதலில் எக்ஸ்ரே, பயண விவரம், அதிகாரியின் கண், நாய் என்று சலித்து, சந்தேகத்தில் மிஞ்சியதை மட்டும் துடைக்கிறார்கள். துணி கடைசிச் சல்லடை.

துடைக்காமல் காற்றை மட்டும் உறிஞ்சிப் பார்க்கும் முயற்சிகளும் நடந்தன. 2004 வாக்கில் அமெரிக்க விமான நிலையங்களில், வெடிமருந்துக்காக, பயணியைக் கண்ணாடிக் கூண்டில் நிற்க வைத்து நாலாபக்கமும் காற்றை ஊதி, எழும்பும் தூசியை உறிஞ்சும் கருவிகளை வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அருமையாக ஓடின. விமான நிலையத்துக்கு வந்ததும் தூசியும் ஈரப்பதமும் தாங்காமல் படுத்துவிட்டன, சில வருடங்களில் கழற்றிவிட்டார்கள். எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை. இந்தக் கருவிகளுக்கு ஈரம் பரம எதிரி. குழாய்க்குள் போகும் காற்றை உலர்த்த மணி மணியாக ஒரு பொருளை நிரப்பிய குப்பி இருக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய கையேட்டில் இத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று இருக்கும். நம்மூரில் மதியம் மூன்று மணி மழைக்குக் கதவைத் திறந்து வைத்தால் அந்தக் கையேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 2015 புகைமூட்டத்தின்போது வடிகட்டிகளை மாற்றி மாற்றியே கை ஓய்ந்தது.

ஆனால் காற்றை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் பசிஃபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வுக்கூடம் மூலக்கூறை அதன் எடையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியோடு ஒரு நீளமான காற்றோட்டக் குழாயைச் சேர்த்து, நான் மேலே சொன்ன ஹெராயின் கணக்கைவிடவும் குறைந்த ஆவியைப் பிடித்துக் காட்டியிருக்கிறது. விமானச் சரக்கில் இன்னொரு புத்திசாலித்தனமான வழி உண்டு: கொள்கலனுக்குள் இருக்கும் காற்றை வடிகட்டி வழியாக உறிஞ்சி எடுத்து, அந்த வடிகட்டியைத் தனி அறையில் அமைதியாக இருக்கும் நாயிடம் காட்டுவது. நாய் வெயிலில் ஓட வேண்டாம், சரக்கைப் பிரிக்கவும் வேண்டாம். ஜெர்மனியில் தேனீயைக்கூட ஹெராயின் வாசனைக்குப் பழக்கிப் பார்த்தார்கள். தேனீ கற்றுக்கொண்டது. அதைக் கையில் கட்டிக்கொண்டு போவது யார் என்பதுதான் பிரச்சினை. என் கணிப்பில் சரக்குக் கிடங்கில் காற்றுக் கருவி சீக்கிரம் வரும், பயணியின் பெட்டிக்கு நாளாகும்.

மூன்றாவது கேள்வி, அம்மாவின் மசாலா. மூக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். மிளகாய், மல்லி, பெலாச்சான் (இறால் விழுது), நெத்திலி எதற்கும் இந்தக் கருவி கத்துவதற்குக் காரணமில்லை, நாயும் மூக்கைச் சுளித்துவிட்டுப் போகும். தைலத்தில் இருப்பது மெந்தால், கற்பூரம், யூக்கலிப்டஸ். அவற்றில் நைட்ரஜன் இல்லை. பெட்டியைத் திறக்க வைப்பது எக்ஸ்ரே. அந்தத் திரையில் கரிமப் பொருள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், உலோகம் நீலம். இரண்டு கிலோ மசாலாத்தூளை இறுக்கிக் கட்டி வைத்தால் ஆரஞ்சுச் செங்கல் மாதிரித் தெரியும், வேறு தூளும் அதே ஆரஞ்சுதான். திறந்து பார்ப்பது அவர்கள் கடமை. கடைப் பாக்கெட்டை அப்படியே, பெயர் அச்சடித்த உறையோடு, பெட்டியின் மேல்பக்கம் வைத்தால் ஒரு நிமிடத்தில் முடியும். வீட்டில் அரைத்ததை கருப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, சேலைக்குள் சுருட்டி, நடுவில் வைக்க வேண்டாம். பாசத்தில் செய்வது, ஆனால் திரையில் அது வேறு மாதிரித் தெரியும்.

கசகசா பற்றித் தனியாக ஒரு வார்த்தை. குருமாவுக்குப் போடுவதுதான், ஆனால் அது அபின் செடியின் விதை, மேலே மார்ஃபின் துளி ஒட்டியிருக்கும். ஐக்கிய அரபு சிற்றரசுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். அம்மா நேராகத் திருச்சிக்குப் போகிறார், சரி; துபாய் வழியாகப் போகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். வலி மாத்திரை, இருமல் மருந்து எடுத்துப் போனால் மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும், மாத்திரையை டப்பா மாற்ற வேண்டாம்.

இனி அந்தப் பார்சல். நீங்கள் போகிற போக்கில் எழுதியது, என் கணக்கில் முதல் கேள்வி. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் 37ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. போதைப்பொருள் இருக்கும் ஒரு பொருள் உங்கள் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருந்தால், அது உங்களுடையது, உள்ளே என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். எடையும் சேர்ந்துகொள்ளும்: ஹெராயின் 15 கிராம், கொக்கெய்ன் 40 கிராம், மெத்தம்பெட்டமின் 50 கிராம், கஞ்சா 200 கிராம் எட்டினால் கடத்தல் என்று கருத இடமுண்டு. 15 கிராம் என்றால் மூன்று தேக்கரண்டிச் சீனி. 2019இல் கூட்டரசு நீதிமன்றம் இந்த இரண்டு அனுமானங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையும் போய்விட்டது. இரண்டும் நல்லதுதான். ஆனால் மரண தண்டனையே போய்விடவில்லை, நீதிபதி விதிக்கலாம். இறங்குகிற ஊரில் 1985ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் காத்திருக்கிறது, அதுவும் தாட்சண்யம் பார்க்காது.

நான் மேலே எழுதியதை இப்போது இதோடு சேர்த்துப் பாருங்கள். பார்சலைக் கட்டியவர் கையில் எது இருந்ததோ அது பார்சலில் ஒட்டும். பார்சலைத் தொட்ட அம்மாவின் கைக்கு வரும், கையிலிருந்து பெட்டிக் கைப்பிடிக்கு வரும். துணி துடைக்கப்போவது அந்தக் கைப்பிடியை. அப்போது அம்மாவால் சொல்ல முடிவது "பக்கத்துத் தெருத் தம்பி கொடுத்தான்" என்பது மட்டும்தான், அது எத்தனை உண்மையாக இருந்தாலும். அந்தத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கலாம், அவரிடம் கொடுத்தவர் யார் என்று அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

அம்மா வாயால் மறுக்கச் சங்கடப்படுவார். நீங்கள் சொல்லுங்கள்: "அண்ணே, மகள் டிக்கெட் போட்டுட்டா, எடை சரியா இருக்கு, இனிமே ஒரு சோப்பு டப்பாகூட வைக்க முடியாது. போஸ்ட் ஆபிசில் போட்டுடுங்க, நான் வேணும்னா கூட வரேன்." அவர் விடாமல் கெஞ்சினால், "சரி, உங்க முன்னாலேயே பிரிச்சுப் பார்த்து, நானே திரும்பக் கட்டறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள். முகம் மாறாவிட்டாலும் வாங்காதீர்கள். பிரித்த பலகாரப் பெட்டியின் அடியில் இன்னோர் அடி இருக்கிறதா என்று உங்களால் பார்க்க முடியாது. பெட்டியை வீட்டிலேயே கட்டி, பூட்டி, விமான நிலையம் போய்ச் சேரும் வரைக்கும் காரில் கண்ணில் படும்படி வையுங்கள். வரிசையில் நிற்கும்போது யாராவது "அம்மா, என் பை எடை கூடிப்போச்சு, கொஞ்சம் வச்சுக்கறீங்களா" என்று வந்தாலும் இதே பதில்தான்.

மினியாக் காப்பாக் சின்னக் குப்பி, கைப்பையில் 100 மில்லிக்குள் என்ற கணக்கில் போகும். மாங்காய் ஊறுகாய்க் குப்பியைப் பெரிய பெட்டியில் போட்டு, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, நிமிர்த்தி வையுங்கள். அது உடைந்தால் கருவி கத்தாது, நாயும் கத்தாது, திருச்சியில் பெட்டி வரும் பெல்ட்டைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.